ஐ'ட் என்றால் எந்த ஐ'ட்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஒன்றில் சில வருடம் அழைப்புப் பதிவுகளைக் கேட்டுத் திருத்துவதுதான் என் வேலை. ஒரு நாள் ஒரு புகார் வந்தது. மாதச் சந்தாவை நிறுத்தச் சொல்லிப் பேசிய ஒரு அமெரிக்கருக்கு அடுத்த மாதமும் பணம் பிடித்துவிட்டார்கள். பேசிய பையன் குறிப்பில் 'சந்தாவைத் தொடர்கிறார்' என்று எழுதியிருந்தான். பதிவை மூன்று முறை ஓட்டினோம். "அண்ணா, ஐ கீப் இட்னுதானே சொல்றாரு?" என்றான். நான்காவது முறை வேகத்தைக் குறைத்தோம். அவர் சொன்னது "ஐ'ட் கீப் இட்". அதற்கு மேல் அவர் "இஃப்" என்று வாயெடுத்தபோது நம் பையன் "தேங்க்யூ சார்" என்று குறுக்கே விழுந்துவிட்டான். விலை குறைந்தால் வைத்துக்கொள்வேன் என்பது அவர் சொல்லவந்தது. பின்னால் ஒரு 'குறைந்தால்' வருகிறது, பொறு என்று எச்சரித்த ஒரே ஆள் அந்த 'ட்'. அவனைத்தான் தவறவிட்டோம்.

அதற்கப்புறம் இந்த ஒற்றை எழுத்தால் வந்த தகராறுகளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். உங்களுக்கு எது இடிக்கிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றவை அதன்மேல்தான் நிற்கின்றன.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில வாக்கியங்களையும் இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். ஐ'ட், யூ'ட், ஹீ'ட், ஷீ'ட், வீ'ட், தே'ட், இட்'ட் என்று வரும்போது கடைசி 'ட்' 'பட்டம்' என்பதில் கேட்கும் ஒலி அல்ல, 'வண்டி'யில் கேட்கும் ஒலி. நடுவில் தொங்கும் கொக்கிதான் அபாஸ்ட்ரஃபி, எழுத்துகள் விழுங்கப்பட்ட இடம். 'வுட்' என்பதை விழுங்கினாலும் 'ட்' மிஞ்சுகிறது, 'ஹேட்' என்பதை விழுங்கினாலும் அதே 'ட்' மிஞ்சுகிறது. இரண்டு பேருக்கும் ஒரே முகம். தகராறெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அறிகுறி: படிக்கும்போது வுட்டா ஹேட்டா என்று தெரியவில்லை

'ட்'டையே முறைத்துப் பார்த்துப் பயனில்லை, அதில் எந்தத் தகவலும் இல்லை. அதை அடுத்து வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்தப் பட்டியலில் முதல் வடிவம் வந்தால் அது வுட். மூன்றாம் வடிவம் வந்தால் அது ஹேட். "ஐ'ட் கோ" என்றால் வுட், போவேன். "ஐ'ட் கான்" என்றால் ஹேட், அதற்கு முன்பே போயிருந்தேன். "ஷீ'ட் டேக் இட்", எடுத்துக்கொள்வாள். "ஷீ'ட் டேக்கன் இட்", எடுத்திருந்தாள்.

நடுவில் நெவர், ஆல்வேஸ், ஆல்ரெடி மாதிரி ஏதாவது நுழைந்திருந்தால் அதைத் தாண்டிப் போய் வினையைப் பாருங்கள். "ஐ'ட் நெவர் சே தட்" என்றால் அப்படிச் சொல்லவே மாட்டேன். "ஐ'ட் நெவர் சீன் இட்" என்றால் அதுவரை பார்த்ததே இல்லை.

அடிக்கடி தடுக்கிவிடும் சிலதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். பின்னால் 'பி' வந்தால் வுட், 'பீன்' வந்தால் ஹேட். 'ஹேவ்' வந்தால் வுட். 'ஹேட்' என்றே மறுபடி வந்தால் முன்னால் இருப்பதும் ஹேட்தான்: "ஐ'ட் ஹேட் இனஃப்", எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. 'லைக்', 'லவ்', 'ராதர்' வந்தால் வுட். 'பெட்டர்' வந்தால் ஹேட். பெட்டருக்குப் பின்னால் முதல் வடிவம்தானே வருகிறது, பிறகு ஏன் ஹேட் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 'ஹேட் பெட்டர்' என்பது பழங்காலத்திலிருந்து அப்படியே உறைந்துவிட்ட தொடர். கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

இந்தச் சோதனை கைவிரிக்கும் இடமும் உண்டு. முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாகவே இருக்கும் வினைகள்: புட், கட், ஹிட், லெட், செட், காஸ்ட். கம், ரன், பிகம் ஆகியவையும் இதே கூட்டம்; இரண்டாவதில் மாறி மூன்றாவதில் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். "ஐ'ட் புட் இட் இன் த ட்ராயர்" என்று தனியாக ஒரு வாக்கியம் கிடைத்தால், டிராயரில் வைத்திருந்தேன் என்றும் எடுக்கலாம், நானாக இருந்தால் டிராயரில் வைப்பேன் என்றும் எடுக்கலாம். பக்கத்து வாக்கியத்தைப் பாருங்கள். ஆல்ரெடி, ஜஸ்ட், த டே பிஃபோர் மாதிரி கடந்த காலத்தைக் காட்டும் சொல் இருந்தால் ஹேட். இஃப், ப்ராபப்ளி, "இஃப் ஐ வேர் யூ" மாதிரி ஏதாவது இருந்தால் வுட். எதுவுமே இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவருக்கும் அந்த வாக்கியம் இரண்டு பொருள் தரும், கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வுட் என்று கண்டுபிடித்த பிறகும் ஒரு குழப்பம் மிஞ்சலாம். "வென் வீ வேர் கிட்ஸ், வீ'ட் கோ டு த பீச் எவ்ரி சண்டே." இதில் எந்த நிபந்தனையும் இல்லையே, வுட் எதற்கு? இதற்குத் தமிழர்கள் திணறவே கூடாது. நாமும் இதையேதான் செய்கிறோம். "சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடற்கரைக்குப் போவோம்" என்கிறோம். நடந்து முடிந்த வழக்கத்தை 'போவோம்' என்று எதிர்கால உருவத்தில்தான் சொல்கிறோம். அந்த 'வோம்'தான் இந்த 'ட்'.

ஆனால் இந்தப் பொருத்தத்தை நம்பி ரொம்ப தூரம் போய்விடாதீர்கள். "அப்போதெல்லாம் எங்களிடம் ஒரு பெரிய வீடு இருக்கும்" என்று நினைத்துக்கொண்டு "வீ'ட் ஹேவ் எ பிக் ஹவுஸ்" என்று சொன்னால், கேட்பவர் அதை வழக்கமாக எடுக்க மாட்டார். எப்போது, என்ன நடந்தால் என்று நிபந்தனையைத் தேடுவார். திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் வுட். மாறாமல் இருந்த நிலைக்கு 'யூஸ்ட் டு'.

அறிகுறி: காதில் அந்த 'ட்' விழவே இல்லை

பல சமயம் அது ஒலிப்பதே இல்லை, குற்றம் உங்கள் காதில் இல்லை. பின்னால் மெய்யெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் நாக்கு 'ட்' இடத்தைத் தொட்டுவிட்டு வெடிக்காமலே அடுத்த ஒலிக்குத் தாவிவிடும். "ஐ'ட் டேக்", "ஐ'ட் டூ" போன்றவற்றில் இரண்டு ஒலியும் ஒட்டியே போய்விடும். கேட்பவனுக்கு "ஐ டேக்", "ஐ டூ" என்றுதான் விழும்.

எனவே 'ட்'டைத் தேடாமல், அது இல்லாவிட்டால் வாக்கியம் எங்கே உடைகிறது என்று பாருங்கள். "ஹீ டேக் த ட்ரெய்ன்" என்று கேட்கிறதா? ஹீ என்றால் டேக்ஸ் என்று ஒரு 'ஸ்' வந்திருக்க வேண்டும். வரவில்லை, எனவே நடுவில் ஒரு 'ட்' இருந்து விழுங்கப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்யலாம். ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் இந்தத் தந்திரம் வேலை செய்யும். "தே கான்" என்று கேட்டால் பெரும்பாலும் தே'ட் கான். "ஐ பெட்டர் கோ" என்று கேட்டால் அது ஐ'ட் பெட்டர். அங்கே பேசுபவர்கள் பலர் நிஜமாகவே 'ட்'டை விட்டுவிடுகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐ, யூ, வீ, தே என்றால் 'ஸ்' உதவிக்கு வராது. சந்தா கதையில் நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். அங்கே ஒரே வழி, வாக்கியம் முடிகிறவரை வாயைத் திறக்காமல் இருப்பது. வுட் என்றால் பின்னால் ஒரு இஃப், ஒரு பட், அல்லது 'அட் தட் ப்ரைஸ்' மாதிரி ஒரு நிபந்தனை வர வாய்ப்பு அதிகம். அதற்கு இரண்டு வினாடி கொடுங்கள். "ஐ லைக் காஃபி" என்பவருக்குக் காப்பி பிடிக்கும். "ஐ'ட் லைக் காஃபி" என்பவருக்கு இப்போது காப்பி வேண்டும். கடையில் நின்றுகொண்டு சொன்னால் இரண்டாவதுதான், காது என்ன சொன்னாலும்.

இன்னும் மோசமான ஜோடி ஒன்று உண்டு. "ஷீ செட் ஷீ'ட் கால் டுமாரோ" என்றால் நாளைக்குக் கூப்பிடுவதாகச் சொன்னாள். "ஷீ செட் ஷீ'ட் கால்ட்" என்றால் ஏற்கெனவே கூப்பிட்டதாகச் சொன்னாள். ஒன்றில் நீங்கள் காத்திருக்க வேண்டும், மற்றதில் தவறிய அழைப்பைத் தேட வேண்டும். வித்தியாசம் கால் என்பதன் வாலில் இருக்கும் இன்னொரு 'ட்' மட்டுமே. பின்னால் டுமாரோ போல 'ட' ஒலியில் தொடங்கும் சொல் வந்தால் அந்த வாலும் கரைந்துவிடும். இங்கே நான் காதை நம்புவதே இல்லை. "ஸோ ஷீ'ல் கால் மீ?" என்று திருப்பிக் கேட்டு உறுதிசெய்துகொள்வேன்.

'இட்'ட்' கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு 'ட்' பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது என்பதால் நடுவில் ஒரு மெல்லிய அகரம் நுழைந்து 'இட்டட்' என்று இரண்டு அசையாகிவிடும். அமெரிக்க வாயில் 'இடட்'. 'தட்'ட்' என்பதும் அப்படியே. இது புரிந்துவிட்டால் "இட்டட் பி நைஸ்" என்று கேட்கும்போது யார் அந்த இட்டட் என்று முழிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: நான் சொன்னால் 'ஐடு' என்று வருகிறது

தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. நாடு, காசு, பந்து என்று கடைசியில் ஒரு குட்டி உகரம் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் படித்த குற்றியலுகரம்தான். அந்தப் பழக்கத்தில் 'ஐ'ட்'டும் 'ஐடு' ஆகிறது, 'வீ'ட்' நேராக 'வீடு' ஆகிவிடுகிறது. "வீடு லைக் டு கோ" என்று ஒரு தம்பி சொல்ல, எதிர்முனையில் இருந்தவர் வீடு என்பதை ஒரு ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டு "ஹூ?" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

மருந்தும் அதே இலக்கணத்தில் இருக்கிறது. நாடு என்பதற்குப் பின் உயிரெழுத்து வந்தால் உகரம் தானாக ஓடிவிடுகிறது: நாடு என்று என்பது நாடென்று ஆகிறது. உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும் என்று ஒப்பித்த விதி. எனவே பயிற்சியை உயிரெழுத்தில் தொடங்கும் வினைகளோடு ஆரம்பியுங்கள். ஐ'ட் ஆஸ்க், ஐ'ட் ஈட், ஐ'ட் அக்ரீ. இவற்றை 'ஐடாஸ்க்', 'ஐடீட்', 'ஐடக்ரீ' என்று ஒட்டிச் சொல்லுங்கள். உகரம் நுழைய இடமே இருக்காது. நாலு நாளில் நாக்கு பழகிவிடும்.

மெய்யெழுத்துக்கு முன்னால் வரும்போது வேறொரு பழக்கம் கைகொடுக்கும். 'பட்டம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ட்'டில் நாக்கு மேலே ஒட்டி ஒரு கணம் நிற்கிறது, வெடிப்பது இரண்டாவது எழுத்தில்தான். அந்த ஒட்டி நிற்கும் கணம்தான் ஐ'ட் லைக், ஐ'ட் கீப் என்பவற்றில் தேவை. நிறுத்துங்கள், வெடிக்காமல் அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

பின்னால் 'ய' ஒலி வந்தால் இரண்டும் சேர்ந்து 'ஜ' ஆகிவிடும். வுட் யூ என்பது 'வுஜூ', ஐ'ட் யூஸ் என்பது 'ஐஜூஸ்'. நீங்கள் அப்படிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காதில் விழும்போது தெரிந்தால் போதும்.

அறிகுறி: இஃப் வந்தாலே இரண்டு பக்கமும் குழம்புகிறது

"இஃப் ஐ'ட் நோன், ஐ'ட் ஹேவ் டோல்ட் யூ." தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு ஐ'ட் வருகின்றன, இரண்டும் வேறு வேறு. முதலாவதை அடுத்து நோன், மூன்றாம் வடிவம், எனவே ஹேட். இரண்டாவதை அடுத்து ஹேவ், எனவே வுட். தமிழில் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள்: 'இருந்தால்' ஒரு பக்கம், 'இருப்பேன்' மறு பக்கம். இருந்தால் பக்கம் ஹேட், இருப்பேன் பக்கம் வுட். பேச்சில் நாமும் இதைச் சும்மா விடுவதில்லை, "தெரிஞ்சிருந்தா சொல்லிருப்பேன்" என்று நசுக்கித்தான் சொல்கிறோம்.

பிழை எங்கே வருகிறது என்றால், கொக்கியைப் பிரித்து முழுதாக எழுதும்போது. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" என்று எழுதிவிடுகிறோம். அமெரிக்கர்கள் பேச்சில் தாராளமாக அப்படிச் சொல்வார்கள், "இஃப் ஐ'ட் ஹேவ் நோன்" என்பதும் அங்கே சகஜம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வுத்தாளில் எழுதாதீர்கள். இஃப் பக்கத்தில் வுட் வராது என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒன்பது தடவை தப்பித்துவிடலாம்.

பத்தாவது தடவை மரியாதைப் பேச்சு. "இஃப் யூ'ட் லைக்", "இஃப் யூ'ட் வெயிட் எ மினிட்", "இஃப் யூ'ட் ஃபாலோ மீ, ப்ளீஸ்." இவற்றில் யூ'ட் என்பது வுட்தான். கேட்பவரின் விருப்பத்தை நாசூக்காகக் கேட்பது, "கொஞ்சம் காத்திருக்கிறீர்களா" என்பது மாதிரி. கற்பனை நிபந்தனைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த வாக்கியத்தை நீங்களே பிரித்துப் பாருங்கள்: "ஷீ'ட் ஹேவ் கம் இஃப் ஷீ'ட் நோன் யூ'ட் பி ஹியர்." மூன்று 'ட்'. ஹேவ் வருவதால் முதலாவது வுட். நோன் வருவதால் இரண்டாவது ஹேட். பி வருவதால் மூன்றாவது வுட். நீங்கள் இங்கே இருப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் வந்திருப்பாள். தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் மூச்சு முட்ட வேண்டும்?

இஃபைத் தூக்கிவிட்டு "ஹேட் ஐ நோன்" என்று தொடங்கும் நடையும் உண்டு. அங்கே ஹேட் முன்னால் வந்துவிடுவதால் சுருக்கவே முடியாது. சுருங்க வேண்டுமென்றால் சாய்ந்துகொள்ள முன்னால் ஒரு ஐ, ஒரு யூ வேண்டும்.

அறிகுறி: "எஸ், ஐ'ட்" என்றதும் எதிராளி காத்துக்கொண்டே இருக்கிறார்

நீங்கள் வாக்கியத்தை முடித்துவிட்டீர்கள், அவருக்கு அது முடியவில்லை. சுருங்கிய 'ட்' தனியாகக் கடைசியில் நிற்காது, பின்னால் ஏதாவது வர வேண்டும். "எஸ், ஐ வுட்" என்று முழுதாக, அழுத்திச் சொல்லுங்கள். மறுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, "நோ, ஐ வுடன்ட்" என்று நிறுத்தலாம். மறுப்பில் "ஐ'ட் நாட்" என்பதைவிட "ஐ வுடன்ட்" என்பதே எங்கும் அதிகம் கேட்பது.

அறிகுறி: "ஐ'ட் எ டவுட்" என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது

நம் அலுவலக மின்னஞ்சல்களின் செல்லப்பிள்ளை இது. "ஐ'ட் எ மீட்டிங் யெஸ்டர்டே", "ஐ'ட் டு லீவ் எர்லி", "இஃப் ஐ'ட் டைம்." ஹேட் என்று வந்தால் சுருக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சுருக்கலாம், ஆனால் ஹேட் துணைக்கு வரும்போது மட்டும். 'என்னிடம் இருந்தது', 'எனக்கு இருந்தது' என்று ஹேட் தானே முக்கிய வினையாக நின்றால் சுருக்கக் கூடாது. 'ஹேட் டு' என்ற கட்டாயப் பொருளுக்கும் அதே கதை. "ஐ ஹேட் எ மீட்டிங்", "ஐ ஹேட் டு லீவ்" என்று முழுதாக எழுதுங்கள். பழைய பிரிட்டிஷ் நாவல்களில் "ஐ'ட் எ ஃபீலிங்" மாதிரி வருவதைக் காட்டி யாராவது வாதாடலாம். வாதத்தில் அவர் ஜெயிப்பார். மின்னஞ்சல் விசித்திரமாகத்தான் இருக்கும்.

சோதனை எளிது. ஐ'ட் என்பதற்குப் பின்னால் வினை இல்லாமல் எ, த, டு, அல்லது ஒரு பொருளின் பெயர் வந்தால் கொக்கியை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: "ஐ'ட் பி ஜாயினிங் அட் ஃபோர்" என்றேன், "இஃப் வாட்?" என்று பதில் வந்தது

வுட் என்றால் வில் என்பதன் பணிவான வடிவம் என்று நினைத்துக்கொண்டு நாம் எழுதுகிறோம். "ஐ வுட் பி கமிங் டுமாரோ" என்றால் நம்மூரில் எல்லோருக்கும் புரியும். வெளியூர்க்காரருக்கு அது பாதி வாக்கியம்; வருவேன், ஆனால் ஏதோ தடுக்கிறது என்று கேட்கும். நிச்சயமாக வரப்போகிறீர்கள் என்றால் "ஐ'ல் பி ஜாயினிங்" அல்லது "ஐ'ல் ஜாயின்". பணிவு வேண்டிய இடம் கேட்கும்போதுதான்: "ஐ'ட் லைக் டு ஜாயின்", "ஐ'ட் அப்ரீஷியேட் இட்".

அறிகுறி: நல்லதுக்குத்தான் சொன்னேன், மேலதிகாரி முகம் சுருங்கிவிட்டது

"யூ'ட் பெட்டர் செண்ட் த ஃபைல் டுடே" என்று சொல்லியிருப்பீர்கள். பெட்டர் என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. அனுப்பினால் நல்லது என்ற யோசனையாக நாம் சொல்கிறோம். அங்கே அது அனுப்பாவிட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்ற எச்சரிக்கை. தமிழிலும் "மரியாதையா அனுப்பிடுறது உனக்கு நல்லது" என்றால் நல்லது என்ற சொல்லில் நல்லது எதுவும் இல்லையே, அது மாதிரி. அம்மா பிள்ளையிடம் சொல்லலாம், நண்பனிடம் சொல்லலாம், தனக்குத்தானே "ஐ'ட் பெட்டர் கோ" என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் "இட்'ட் பி கிரேட் இஃப் யூ குட் செண்ட் இட் டுடே" போதும்.

'ராதர்' பக்கம் ஒரு சின்னப் பள்ளம். "ஐ'ட் ராதர் கோ" என்றால் நான் போவதே மேல். ஆனால் வேறொருவர் செய்ய வேண்டும் என்றால் வினை கடந்த கால உருவம் எடுக்கும்: "ஐ'ட் ராதர் யூ கேம் டுமாரோ." பேசுவது நாளையைப் பற்றி, உருவம் மட்டும் நேற்றையது.

அறிகுறி: போனில் அவசரமாகத் தட்டினால் வேறு சொல்லாகிவிடுகிறது

கொக்கி இல்லாமல் 'வீ'ட்' எழுதினால் அது 'வெட்', கல்யாணம் செய்துகொள்வது. 'ஷீ'ட்' கொக்கியை இழந்தால் 'ஷெட்', தகரக் கொட்டகை. 'ஐ'ட்' எழுத்தளவில் ஐடி, அடையாள அட்டை. மூன்றும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் போன் பல நேரம் திருத்தாமல் சும்மா இருந்துவிடும். 'வில்' வகையில் இன்னும் ஆபத்து: 'ஹீ'ல்' கொக்கியை இழந்தால் நரகம். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா டோன்ட், வோன்ட் போன்றவற்றில் கொக்கியே தேவையில்லை என்று தன் புத்தகங்களில் அதை நீக்கி அச்சிட வைத்தவர். அவரே இந்த நரகத்தைப் பார்த்துத்தான், வேறு சொல்லாகிவிடும் இடங்களில் மட்டும் கொக்கியை விட்டுவைத்தார். அடிக்கடி எழுதுபவர் என்றால் போன் அமைப்பில் உள்ள சொற்சுருக்க வசதியில் இந்த நாலைந்தையும் போட்டுவிடுங்கள்.

கூடவே இன்னொன்று. 'வுட்'வ்' என்பது காதில் 'வுடவ்' என்று விழும். அந்த 'அவ்' ஒலி 'ஆஃப்' என்று எழுதப்படும் சொல்லின் மெலிந்த ஒலியும்கூட. எனவே "வுட் ஆஃப்" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலேயப் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை இது. புத்தகம் பார்த்து ஆங்கிலம் கற்ற நம் தலைமுறை செய்யாது, விளையாட்டுச் சாட்டில் கற்ற தலைமுறை செய்கிறது. எழுத்தில் எப்போதும் வுட் ஹேவ்தான்.

அறிகுறி: 'ஐடவ்' என்று ஏதோ கேட்கிறது, எந்த அகராதியிலும் இல்லை

இரண்டு கொக்கி ஒன்றாக விழுந்திருக்கிறது. ஐ வுட் ஹேவ் என்பது ஐ'ட் ஹேவ் ஆகி, அதுவும் நசுங்கி ஐ'ட்'வ். "ஐடவ் கால்ட் யூ" என்றால் கூப்பிட்டிருப்பேன், கூப்பிடவில்லை. சிலர் வாயில் 'வ்'வும் போய் 'ஐடா' என்றே நிற்கும். மறுப்பில் 'வுடன்ட்'வ்'. பின்னால் மூன்றாம் வடிவம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் நடக்காமல் போன ஒன்றைப் பற்றிப் பேச்சு.

ஏதோ இன்றைய இளசுகளின் சோம்பேறித்தனம் என்று இதை நினைக்க வேண்டாம். 1710-ல் ஜானதன் ஸ்விஃப்ட், சொற்களை இப்படி வெட்டிக் குதறுகிறார்களே என்று லண்டனின் 'டாட்லர்' ஏட்டில் புலம்பினார். கேலிக்காக ஒரு மாதிரிக் கடிதத்தையும் சேர்த்திருந்தார். அதில் 'கொண்டுவந்திருப்பேன்' என்பதற்கு ஐ'ட் என்று போட்டு, ஹேவ் என்பதையும் பாதியாக வெட்டி ஒட்டியிருக்கும். 300 வருடம் கழித்து என் ஹெட்போனில் வந்து விழுந்ததும் அதே உருவம்தான். காதில் வரட்டும், வாயிலும் வந்தால் வரட்டும். மின்னஞ்சலில் மட்டும் ஒரு கொக்கிக்கு மேல் போடாதீர்கள்; விண்ணப்பக் கடிதம், தேர்வுக் கட்டுரை என்றால் அந்த ஒன்றும் வேண்டாம்.